புதைபடிவம் தேடத் தொடங்குவது எப்படி? திருச்சியிலிருந்து கிளம்புகிறவருக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வி சுருக்கமாக இது: திருச்சியில் குடியிருக்கிறோம், பள்ளியில் படிக்கும் மகளுக்குப் புதைபடிவங்கள் மேல் ரொம்ப ஆசை, ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேருமாகத் தேடிப் போகலாம் என்று இருக்கிறோம். எங்கே போவது, என்ன சாமான் வாங்குவது, கிடைத்ததை வீட்டுக்கு எடுத்து வரலாமா?

உங்கள் ஊர் இதற்கு அமைந்த ஊர். மதுரையிலோ கோவையிலோ சேலத்திலோ இருந்திருந்தால் "பக்கத்தில் எதுவும் இல்லை" என்று சொல்லியிருப்பேன். தமிழ்நாட்டின் பெரும்பகுதி மிகப் பழைய கெட்டிப் பாறை. பூமிக்குள் ஆழத்தில் வெந்து, அழுந்தி, உருமாறி மேலே வந்தது. உங்கள் மலைக்கோட்டையும் அந்த வகைதான். அதில் எவ்வளவு உடைத்தாலும் ஒரு சிப்பி கிடைக்காது. புதைபடிவம் இருப்பது படிவுப் பாறையில். அதாவது கடலடியிலோ ஆற்றிலோ ஏரியிலோ சேறும் மணலும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறையில். தேடல் என்பது முதலில் பாறையைத் தேடுவது. இது புரியாமல் கண்ட கல்லையெல்லாம் புரட்டிப் பார்த்து அலுத்துப் போனவர்கள் நிறையப் பேர்.

திருச்சியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் வரை வந்து கிழக்கே ஊட்டத்தூர் பக்கம் திரும்பினால் அந்தப் படிவுப் பாறை தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து கிழக்கே அரியலூர் தாண்டியும் அது தொடர்கிறது. இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்து, கிழக்குக் கரை உருவாகிக் கொண்டிருந்த காலத்தில் கடல் இந்தப் பக்கம் உள்ளே ஏறி வந்தது. இன்றைக்கு அரியலூரிலிருந்து கடற்கரை 80 கிலோமீட்டருக்கு மேல். அன்றைக்கு அந்த இடமே கடல். சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி, டைனோசர்கள் அழிந்த 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தையும் கடந்து, கடல் ஏறியும் இறங்கியும் படிவுகளை விட்டுப் போயிருக்கிறது. டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டமான கிரெட்டேசியஸ் காலத்துக்கு இவ்வளவு நீண்ட பதிவு, இவ்வளவு சிறிய பரப்பில், நடந்தே பார்க்கிற மாதிரி கிடைப்பது உலகத்திலேயே அரிது. 1840களில் இங்கிருந்து லண்டனுக்குப் போன சிப்பிகளையும், சுருள் ஓடு கொண்ட அழிந்துபோன கடலுயிரான அம்மோனைட்டுகளையும் பிரிட்டன் இயற்கை ஆய்வாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்து எழுதினார். அன்றிலிருந்து புவியியலாளர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள், பிறகு எல்லாம் எளிதாகும். இந்த அடுக்குகள் மட்டமாகக் கிடக்கவில்லை. கிழக்குப் பக்கமாக மெல்லச் சரிந்து கிடக்கின்றன. அதனால் மேற்கே ஊட்டத்தூர் பக்கம் மேலே தெரிவது மிகப் பழைய அடுக்கு. கிழக்கே போகப் போக இளைய அடுக்கு. மூன்று பெரிய தொகுதிகளாகப் பிரித்து ஊட்டத்தூர் தொகுதி, திருச்சிராப்பள்ளி தொகுதி, அரியலூர் தொகுதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கும் மேலே நின்னியூர் அடுக்குகள், டைனோசர்கள் போன பிறகு படிந்தவை. நீங்கள் காரில் கிழக்கே போகும்போது சில கோடி ஆண்டுகளைக் கடந்துகொண்டே போகிறீர்கள் என்று மகளிடம் சொல்லுங்கள். ஒரு வரைபடத்தை அவள் கையில் கொடுத்து, எந்த ஊர் எந்தத் தொகுதியில் வருகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். களத்துக்குப் போகும் முன்பு செய்ய வேண்டிய வேலைகளில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரியவில்லை.

முதல் பயணம் தேடலாக இருக்க வேண்டாம். பார்வை பழகாமல் களத்தில் இறங்கினால் கண்ணெதிரே கிடப்பதும் தெரியாது. அரியலூர் அருகே வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் கிடைத்தவற்றையே அங்கே வைத்திருக்கிறார்கள். முழுசாக, அழகாக இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். களத்தில் உங்களுக்குக் கிடைக்கப் போவது துண்டுகள். ஒரு அம்மோனைட்டில் விரல் நகம் அளவு துண்டு உடைந்து கிடந்தால் எப்படி இருக்கும், எந்தப் பக்கம் வரி ஓடும் என்று யோசித்துக்கொண்டே பாருங்கள். அங்கே போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரத்தையும் பார்த்துவிடலாம். 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஊசியிலை மரத்தின் தண்டு, முழுக்கக் கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை வெளிக்கொண்டு வந்தார். பிற்பாடு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனவர் அவர். கரையில் வளர்ந்த மரம் ஆற்றோடு அடித்து வரப்பட்டு ஆழமற்ற கடலில் சேற்றில் புதைந்தது. சிலிக்கா கலந்த நீர் மரத்துக்குள் ஊறி, மரம் மக்குவதற்கு முன்பே அதன் இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. அங்கே எதையும் தொட்டுப் பெயர்க்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் காரை. பெரம்பலூர் மாவட்டத்தில் கொளக்காநத்தம் போகும் வழியில் இருக்கும் ஊர். அதன் அருகே செடிகொடி அதிகம் இல்லாத, மழை அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாக ஆக்கிய களிமண் நிலம் பரந்து கிடக்கிறது. ஊட்டத்தூர் தொகுதியைச் சேர்ந்த அடுக்கு. அன்றைக்கு ஆழமான, அமைதியான கடலடி. தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. காரணம், அங்கே உடைக்கவே வேண்டியதில்லை. மழை உங்களுக்காக உடைத்துக் கழுவி வைத்திருக்கிறது.

அங்கே தரையில் மினுமினுவென்று கண்ணில் படுவதெல்லாம் புதைபடிவம் இல்லை. பெரும்பாலும் அது ஜிப்சம். களிமண்ணின் விரிசல்களில் பின்னாளில் படிந்த உப்பு வகைக் கனிமம், தகடு தகடாகவும் நார் நாராகவும் இருக்கும். நகத்தால் கீறினால் கோடு விழும். அதை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். தேன் நிறத்திலோ சாம்பல் பழுப்பிலோ, விரலைவிட ஒல்லியாக, ஒரு முனை கூர்ந்த உருளைத் துண்டு தென்பட்டால் அது பெலெம்னைட். கணவாயின் உறவினமான ஒரு கடலுயிரின் உடலுக்குள், வால் பக்கம் இருந்த கெட்டிப் பகுதி. நகத்தால் கீறினால் கோடு விழாது, ஏனென்றால் அது கால்சைட், சுண்ணாம்பின் கெட்டியான படிக வடிவம். உடைந்த முனையை லென்ஸில் பாருங்கள்: நடுப்புள்ளியிலிருந்து ஓரம் நோக்கி மெல்லிய ஊசிகள் வட்டமாக விரிந்து நிற்கும். இதை ஒரு தரம் பார்த்துவிட்டால் வேறு எந்தக் கல்லோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

பெலெம்னைட் இவ்வளவு நன்றாகத் தப்பியிருக்க, அதே கடலில் நீந்திய அம்மோனைட்டின் ஓடு ஏன் பெரும்பாலும் கரைந்து போயிருக்கிறது என்று மகள் கேட்கக்கூடும். இரண்டும் சுண்ணாம்புதான். ஆனால் அம்மோனைட்டின் ஓடு அரகோனைட் என்ற வடிவத்தில் இருந்தது. அது நிலையற்றது, நிலத்தடி நீரில் சீக்கிரம் கரையும். ஓடு கரைவதற்குள் உள்ளே புகுந்த சேறு இறுகிவிட்டால், உட்பக்கத்தின் அச்சு மட்டும் கல்லாக நிற்கும். உங்களுக்குக் கிடைப்பது அநேகமாக அந்த உள்வார்ப்புதான். அதிலும் ஒரு நன்மை உண்டு. ஓடு போன இடத்தில்தான் அறைச்சுவர்கள் ஓட்டைத் தொட்ட கோடுகள் வெளியே தெரியும். மடிந்து, கிளைத்து, மறுபடி மடிந்து ஓடும் அந்தக் கோடுகளை வைத்துத்தான் அம்மோனைட் இனங்களைப் பிரிக்கிறார்கள். கோடு மடிப்பில்லாமல் மெல்ல வளைந்து போனால் அது அம்மோனைட்டின் உறவினமான, இன்றும் கடலில் வாழும் நாட்டிலஸாக இருக்கலாம். இன்னொரு அடையாளம், அறைகளை ஊடுருவிப் போகும் குழாய். அம்மோனைட்டில் அது வெளி விளிம்பை ஒட்டி ஓடும், நாட்டிலஸில் சுவரின் நடுப்பகுதியில் துளைத்துப் போகும். பெருமாள் கோயிலிலோ வீட்டுப் பூஜையிலோ சாளக்கிராமம் பார்த்திருப்பீர்கள். நேபாளத்தின் கண்டகி ஆற்றுப் பக்கமிருந்து வரும் அந்தக் கற்கள் பலவற்றின் உள்ளே சுருண்டிருப்பது ஜுராசிக் கால அம்மோனைட்தான்.

எப்படித் தேடுவது என்பதுதான் இந்தப் பதிலில் நான் நிதானமாகச் சொல்ல விரும்பும் பகுதி. பெரும்பாலோர் வேகமாக நடக்கிறார்கள். பெரிய இடத்தைச் சுற்றிவிட்டால் நிறையக் கிடைக்கும் என்று நினைப்பு. நேர்மாறாகச் செய்யுங்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், சூரியன் எதிரே பக்கவாட்டில் இருக்கிற மாதிரி உட்காருங்கள். சாய்வு வெளிச்சத்தில் ஒவ்வொரு வரிக்கும் நிழல் விழும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். ஒரு பாய் அளவு தரையை எடுத்துக்கொண்டு, அதில் இருக்கும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள். கண் தேட வேண்டியது ஒழுங்கை. சம இடைவெளியில் ஓடும் வரி, ஒரே சீராகக் குறுகும் சுருள், இரு பக்கமும் ஒத்திருக்கும் வளைவு. கல் தானாக உடையும்போது இப்படி ஒழுங்காக உடைவது அபூர்வம். இந்த வேலையில் குழந்தைகள் பெரியவர்களை மிஞ்சிவிடுவார்கள், தரைக்கு அருகே இருப்பதால் மட்டுமில்லை, முன்முடிவு இல்லாமல் பார்ப்பதால்.

ஓடையில் ஒரு துண்டு கிடைத்ததா? அது அங்கே பிறந்ததில்லை, உருண்டு வந்தது. ஓடையின் இரு பக்கச் சரிவையும் பார்த்துக்கொண்டே மெல்ல மேலே ஏறுங்கள். அதே மாதிரித் துண்டுகள் கிடைத்துக்கொண்டே வரும். ஓர் இடத்துக்கு மேல் சட்டென்று நின்றுவிடும். அந்த உயரத்தில்தான் அவை வெளிவரும் அடுக்கு இருக்கிறது. அங்கே களிமண்ணின் நிறமோ கெட்டித்தன்மையோ கொஞ்சம் மாறியிருப்பதைப் பார்ப்பீர்கள். அந்த அடுக்கில் இன்னும் பாதி புதைந்து நிற்கும் ஒன்றைக் கண்டுபிடிப்பது, உருண்டு கிடக்கும் ஒரு கூடைத் துண்டுகளை அள்ளுவதைவிட மேலான காரியம். எதோடு சேர்ந்து கிடக்கிறது, எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கிறது, முழுசாகப் புதைந்ததா அலையில் உடைந்து புதைந்ததா என்பதெல்லாம் அங்கே மட்டும்தான் தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் வாங்க வேண்டிய முதல் சாமான் சுத்தியல் அல்ல, ஒரு கெட்டி அட்டை நோட்டு. எந்தப் புதைபடிவத்துக்கும் மதிப்பில் பாதி அது கிடந்த இடத்தில் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத மிக அழகான அம்மோனைட்டை ஆராய்ச்சியாளர் கையில் கொடுத்தால் அவரால் அதை வைத்துச் செய்யக்கூடியது ரொம்பக் குறைவு. இடமும் அடுக்கும் எழுதி வைத்த உடைந்த சிப்பி அவருக்கு உதவும். தேதி, ஊர், போனின் ஜிபிஎஸ் எண்கள், சரிவில் எந்த உயரம், அடுக்கிலேயே இருந்ததா உருண்டு கிடந்ததா, மண்ணின் நிறம், கூட என்ன கிடந்தது என்று எழுதுங்கள். படம் மூன்று தூரத்திலிருந்து எடுங்கள்: நிலப்பரப்பு முழுவதும் தெரிகிற மாதிரி ஒன்று, அந்தச் சரிவு மட்டும் ஒன்று, புதைபடிவம் மட்டும் ஒன்று. மூன்றாவதில் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். நாணயம் வைப்பதைவிட ஸ்கேல் நல்லது, நாணயங்களின் அளவு மாறிக்கொண்டே இருக்கிறது. உங்கள் மகளுக்கு வரையப் பிடிக்குமென்றால் இன்னும் நல்லது. வரைவதற்காகப் பார்க்கும்போது போட்டோ எடுக்கும்போது கவனிக்காதது கண்ணில் படும்.

மற்றச் சாமான்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ், பழைய டூத் பிரஷ், மென்மையான பெயின்ட் பிரஷ், அழியாத மார்க்கர், சிறு ஜிப் பைகள், சுற்றிவைக்கப் பழைய செய்தித்தாள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக் கல்லை அருகே கொண்டு வர வேண்டும். தூரத்தில் பிடித்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. சுத்தியல் பிறகு வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது புவியியல் சுத்தியலாகவே வாங்குங்கள், கூடவே கண்ணாடியும். தச்சுச் சுத்தியலால் கெட்டிக் கல்லைத் தட்டினால் அதன் இரும்பே சில்லாகத் தெறித்துக் கண்ணில் போகும்.

போக நல்ல காலம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தையும் மாசியும். புது மழை புது அடுக்கைக் கழுவித் திறந்துவிட்டிருக்கும், மண்ணும் காய்ந்திருக்கும். ஈரத்தில் காரைக் களிமண்ணில் கால் வைத்தால் செருப்பே திரும்பி வராது. சித்திரை, வைகாசியில் நிழலே இல்லாத அந்த நிலத்துக்குக் குழந்தையைக் கூட்டிப் போகாதீர்கள். தொப்பி, முழுக்கால் சட்டை, மூடிய ஷூ, தேவைக்கு இரண்டு பங்கு தண்ணீர். கல்லைப் புரட்டும்போது உங்கள் பக்கத்து விளிம்பைத் தூக்காமல், எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்களை நோக்கித் தூக்குங்கள், அடியில் தேளோ பாம்போ இருந்தால் அது உங்களை விட்டு விலகி ஓட வழி இருக்கும்.

இப்போது கேள்வியின் கடினமான பகுதி, எடுத்து வரலாமா?

எல்லா இடத்துக்கும் ஒரே பதில் கிடையாது. சாத்தனூர் கல்மரம், விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை கல்மரப் பூங்கா போன்றவை தேசியப் புவியியல் சின்னங்கள். அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. காப்புக்காட்டிலும் அப்படியே. சிமென்ட் ஆலைகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் அனுமதியில்லாமல் நுழையவே கூடாது. வெடி வைக்கும் இடம், செங்குத்தான சுவர் எப்போது சரியும் என்று தெரியாது. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் தேங்கிய நீர் இன்னும் ஆபத்து. பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் கேளுங்கள். ஊருக்குள் போய் "புள்ளைக்குக் கல் காட்ட வந்தோம், கொஞ்சம் பார்த்துக்கலாமா ஐயா" என்று கேட்டால் பெரும்பாலும் அவர்களே கூட வந்து காட்டுவார்கள். எந்த வயலில் ஏர் உழும்போது சிப்பிக்கல் வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். புவி மரபுத் தலங்களையும் புதைபடிவங்களையும் காக்கத் தனிச் சட்டம் கொண்டுவர மத்திய அரசு 2022இல் ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. ஆக, விதிகள் மாறக்கூடியவை. போகும் இடத்தில் பலகை இருக்கிறதா, வருவாய்த்துறை என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மண்பாண்டத் துண்டு, கற்கருவி, பழைய நாணயம் போன்றவை கிடைத்தால் அது தொல்லியல், புதைபடிவம் இல்லை. தொட்டு நகர்த்தாமல் தொல்லியல் துறைக்குச் சொல்ல வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், முதல் சில பயணங்களில் எதையும் எடுக்காதீர்கள். படமும் குறிப்பும் போதும். பிறகும், அனுமதி உள்ள நிலத்தில், உருண்டு கிடக்கும் சாதாரணத் துண்டுகளில் வகைக்கு ஒன்று எடுத்தால் போதும். காரைக்கு வந்து பை நிறைய பெலெம்னைட் அள்ளிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அது சில மாதத்தில் குப்பை. அடுக்கில் இருந்து உருண்டு வர அடுத்த மழை வேண்டும், அடுத்து வருகிற மாணவருக்கோ வெறும் களிமண். விலைக்கும் வாங்காதீர்கள். வாங்க ஆள் இருந்தால் தோண்ட ஆள் வரும். தோண்டி விற்பவர் எந்த அடுக்கு என்று எழுதி வைக்க மாட்டார்.

எலும்பு, பல், முட்டை என்று சந்தேகம் வந்தால் விதி இன்னும் கறாரானது: தோண்டக் கூடாது. இதற்குக் காரணம் கேட்டால் கல்லமேட்டைச் சொல்வேன். அரியலூர் தொகுதியின் மேல் அடுக்கு அது. கடல் பின்வாங்கி ஆற்று மணலும் களிமண்ணும் படிந்த இடம். டைனோசர் எலும்புகள் கிடைத்தது அங்கேதான். அங்கே கிடைத்த மிகப் பெரிய எலும்புகளுக்கு 1980களில் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முதலில் ஊனுண்ணி வகை என்று எழுதப்பட்டது, பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி வகை என்று கருத்து மாறியது. உலகில் நடமாடிய மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்றுகூடப் பேசப்படுகிறது. சரிபார்க்கலாம் என்றால் எலும்பு இல்லை. அவை உதிரும் தன்மை உள்ளவை, சிதைந்து போய்விட்டன. எஞ்சியிருப்பவை வரைபடங்களும் சில படங்களும்தான். பயிற்சி பெற்றவர்கள் எடுத்த எலும்புக்கே இந்த நிலைமை. மண்ணில் இருக்கும்வரை மண்ணே அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. வெளியே எடுக்க வேண்டுமென்றால் பசை ஊட்டி, பிளாஸ்டர் கட்டு போட்டு, சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்துப் பெயர்க்க வேண்டும். எனவே எலும்பு தென்பட்டால் படம், ஜிபிஎஸ், குறிப்பு எடுத்துக்கொண்டு, வெளியே தெரியும் பகுதியை மண் போட்டு மூடிவிட்டுத் தகவல் சொல்லுங்கள். சென்னை கிண்டியில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் அலுவலகம் இருக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையினர் இந்த வட்டாரத்தில் தொடர்ந்து வேலை செய்கிறார்கள். கல்லமேட்டின் ஒரு சின்னப் பல் ட்ரூடான்டிட் என்ற வகை டைனோசருடையது என்று 2013இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்தியாவில் அந்த வகை இருந்ததற்கே அது புதுச் சான்று. சின்னது என்று தள்ளிவிடாதீர்கள்.

மறுபக்கம், எல்லா உருண்டையும் முட்டை இல்லை. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தூர்வாரும்போது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிவந்தன. டைனோசர் முட்டை என்று செய்தி வாட்ஸ்அப் முழுக்கப் பரவியது. புவியியலாளர்கள் போய்ப் பார்த்து, அவை அம்மோனைட் போன்றவற்றைச் சுற்றிக் கனிமம் படிந்து உருண்ட கற்கள் என்று சொன்னார்கள். சேற்றில் அழுகும் உயிரின் சுற்றுப்புறத்தில் வேதிநிலை மாறி, அங்கே மட்டும் சுண்ணாம்பு சீக்கிரம் படிந்து கெட்டியாகும். அந்த உருண்டைக்குள் சில சமயம் மிக நன்றாகக் காக்கப்பட்ட அம்மோனைட் இருக்கும், சில சமயம் ஒன்றுமே இருக்காது. முட்டை என்றால் ஓடு இருக்க வேண்டும். லென்ஸில் பார்த்தால் ஒரே சீரான தடிப்பில் அந்த ஓட்டின் குறுக்குவெட்டும், மேற்பரப்பில் நுண்துளைகளும் தெரிய வேண்டும். கல்லின் மேல் செடி போலக் கறுப்பாகக் கிளைத்திருக்கும் கோலமும் இதே மாதிரி ஏமாற்றும். பார்த்தவுடன் பாசி, இலை என்று தோன்றும். அது விரிசலில் ஊடுருவிப் படிந்த மாங்கனீசு.

காரை பழகிய பிறகு வேறு அடுக்குகளைப் பார்க்க ஆசை வரும். கருடமங்கலம் பக்கம் கிடைக்கும் சிப்பிச் சுண்ணாம்புக்கல்லில் நத்தையும் சிப்பியும் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக் கிடக்கும். ஆழமற்ற, அலை மோதிய கடலின் அடித்தரை. மெருகு போட்டால் பளபளவென்று வருவதால் திருச்சி மார்பிள் என்ற பெயரில் அலங்காரப் பொருள்களுக்குப் பயன்பட்டது. கல்லங்குறிச்சிக்குப் பெருமாளைப் பார்க்கப் போயிருப்பீர்கள். அந்த ஊரின் பெயர் தாங்கிய சுண்ணாம்புக்கல் அடுக்கில் கனமான, வளைந்த சிப்பிகள் ஏராளம். இனோசெராமஸ் என்ற பெரிய சிப்பியின் துண்டுகளும் உண்டு. முழுசாகக் கிடைப்பது அபூர்வம், ஆனால் ஒரு துண்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். உடைந்த விளிம்பை லென்ஸில் பார்த்தால் தீக்குச்சிகளை நெருக்கமாக அடுக்கி நிறுத்திய மாதிரி கால்சைட் தூண்கள் வரிசையாக நிற்கும். கல்லக்குடிப் பக்கம் பவளப் பாறைகளின் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. ஆனால் அது சுரங்கப் பகுதி, கல்லூரி மாணவர் குழுவோடு அனுமதி பெற்றுப் போனால்தான் உண்டு.

சென்னையில் இருக்கும் உறவினர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வரி: ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் களிப்பாறைகளில் பழைய இலைப் பதிவுகள் உண்டு, எழும்பூர் அருங்காட்சியகத்தில் புவியியல் பிரிவு உண்டு. யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கோ கால் வைக்கும் இடமெல்லாம் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல், டைனோசர்கள் அழிந்து வெகு காலம் கழித்துப் படிந்தது. கிணறு வெட்டி வெளியே குவித்த கல்லைப் பார்த்தாலே சிப்பியும் பவளமும் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு சுத்தம் செய்வதில் அவசரம் வேண்டாம். காரைக் களிமண்ணில் கிடைத்ததைத் தண்ணீரில் ஊறப் போட்டால் களிமண் உப்பி, உள்ளே விரிசல் விட்டிருந்த துண்டு பிளந்துவிடும். நிழலில் நன்றாகக் காயவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தாலே பெரும்பாலும் மண் உதிரும். வினிகர், எலுமிச்சை, கழிவறை ஆசிட் எதுவும் கூடாது. நீங்கள் காப்பாற்ற நினைக்கும் கால்சைட்டையே அது கரைக்கும். சுண்ணாம்பா இல்லையா என்று சோதிக்க வேண்டுமானால், கூடக் கிடந்த வெறும் கல்லைக் கொஞ்சம் பொடித்து அந்தப் பொடியில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. வார்னிஷ் அடித்து மினுக்கவும் வேண்டாம். நுண்ணிய வரிகள் அடைபட்டுப் போகும். கண்ணில் படாத ஓரத்தில் சிறிய வெள்ளைப் பெயின்ட் பொட்டு வைத்து, காய்ந்ததும் அதன் மேல் எண் எழுதி, அதே எண்ணை நோட்டில் குறியுங்கள். பெட்டிக்குள் தனித்தாளில் எழுதி வைத்தால் தாள் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம் போய்விடும்.

பெயர் கண்டுபிடிப்பதில் தொடக்கத்திலேயே சிற்றினம் வரை போகத் துடிக்காதீர்கள். இணையத்தில் முதலில் வரும் படத்தோடு ஒப்பிட்டு ஒரு லத்தீன் பெயரை ஒட்டிவிடுவது சுலபம், பெரும்பாலும் அது தவறாகத்தான் இருக்கும். அம்மோனைட்டா நாட்டிலஸா, இருவோட்டுச் சிப்பியா, அதைப் போலவே இரண்டு ஓடுகள் கொண்ட வேறு கடலுயிர் வகையான பிராக்கியோபாடா என்று பிரிக்கத் தெரிந்தால் முதல் வருஷத்துக்குப் போதும். கடைசியாகச் சொன்ன இரண்டையும் பிரிக்க ஒரு வழி: பெரும்பாலான இருவோட்டுச் சிப்பிகளில் இரண்டு ஓடுகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். பிராக்கியோபாடில் ஒவ்வொரு ஓடும் தனக்குள்ளேயே இடமும் வலமும் ஒத்திருக்கும், ஆனால் இரண்டு ஓடுகளும் ஒரே மாதிரி இருக்காது. கல்லங்குறிச்சியின் வளைந்த சிப்பிகள் இந்த விதிக்கு அடங்காதவை, அவற்றின் ஒரு ஓடு ஆழமாகவும் மற்றது தட்டையாகவும் இருக்கும்.

இன்னும் நுணுக்கமாகப் போக வேண்டுமென்றால் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இருக்கிறார். இன்றைய செக் நாட்டில் பிறந்து, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து, தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிரினங்களை 1860களிலும் 1870களின் தொடக்கத்திலும் பெரும் தொகுதிகளாக எழுதினார். 1874இல் மத்திய ஆசியாவின் யார்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்துபோனார், வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவருடைய தொகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம் கடினமாக இருந்தாலும் பரவாயில்லை, கடைசியில் இருக்கும் படத் தகடுகளைப் பாருங்கள். ஊட்டத்தூர், அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களுடன், ஒவ்வொரு சிப்பியின் ஒவ்வொரு வரியும் கையால் வரையப்பட்டிருக்கும். அவர் வைத்த பெயர்களில் பல இன்று மாறிவிட்டன. ஆகவே படத்தை வைத்து இனத்தை நெருங்கி, இன்றைய பெயரைப் பிறகு சரிபார்க்க வேண்டும். பெயர் தெரியாத வரை நோட்டில் "அம்மோனைட், இனம் தெரியவில்லை, காரை, உருண்டு கிடந்தது" என்று எழுதி வைத்தால் அது முழுமையான பதிவுதான்.